சரிவு வண்டி படுத்தும் பாடு: கோளாறைப் பார்த்துக் காரணம் பிடிப்பது எப்படி

எஞ்சின் கிடையாது, பெடல் கிடையாது. மேட்டில் ஏற்றி உட்கார்ந்தால் பள்ளம் இழுத்துக்கொண்டு போகும். அமெரிக்கப் பிள்ளைகள் சோப்பு வந்து இறங்கிய மரப்பெட்டிகளில் சக்கரம் பூட்டி ஓட்டியதால் சோப்பாக்ஸ் வண்டி என்று பெயர் வந்தது. 1933-ல் ஒஹாயோ மாநிலத்து டேட்டன் நகரில் பையன்கள் இப்படி ஓட்டுவதை மைரன் ஸ்காட் என்ற பத்திரிகைப் புகைப்படக்காரர் பார்த்தார். அடுத்த ஆண்டே அது நாடு தழுவிய போட்டியாகி, 1935-ல் ஆக்ரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. நம் ஊர்ப் பேரிங் வண்டியும் இதே சாதிதான். காயலாங்கடையில் பொறுக்கிய பேரிங், ஒரு பலகை, ஒரு கயிறு, அவ்வளவே.

நாங்கள் நாலு பேர் சேர்ந்து கட்டியது இரண்டுக்கும் நடுவில் நிற்கிற வண்டி. ஐந்தடி நீளப் பலகை, பிள்ளைகள் சைக்கிளின் 16 அங்குலச் சக்கரம் நாலு, முன் அச்சுக் கட்டையின் நடுவில் ஒரே போல்ட், திருப்புவதற்குக் கயிறு. குன்னூர்ப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் உள்சாலையில், அனுமதி வாங்கி, காலையில் ஓட்டினோம். பொதுச் சாலையில் ஓட்டாதீர்கள். கீழே விசிலோடு ஒரு ஆள் நிற்காமலும் ஓட்டாதீர்கள். ஹெல்மெட்டைப் பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

கட்ட ஆனது இரண்டு ஞாயிறு. சரிசெய்ய ஆனது ஏழு. அந்த ஏழில் பாதி வீணானதற்குக் காரணம், ஒரே நேரத்தில் மூன்று இடத்தில் கை வைத்ததுதான். கயிற்றை இறுக்கி, சக்கரத்தை மாற்றி, சீட்டையும் நகர்த்திவிட்டு ஓட்டிப் பார்த்தால், எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்குத் தெரியும்? கீழே உள்ள எதைச் செய்தாலும் ஒன்றை மாற்றுங்கள், ஓட்டிப் பாருங்கள், பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

தள்ளினால்தான் நகர்கிறது, வேகமே பிடிக்கவில்லை

முதலில் வண்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து ஒவ்வொரு சக்கரமாகக் கையால் சுற்றிவிடுங்கள். நன்றாக ஓடுகிற சக்கரம் நிற்கும்போது அடம்பிடிக்காது. கனமான பக்கம், பெரும்பாலும் காற்று வால்வு இருக்கிற பக்கம், கீழே வந்து ஊஞ்சல் மாதிரி இரண்டு முறை ஆடி ஓயும். அப்படி ஆடாமல் சட்டென்று நின்றால் கோன் (அச்சில் பேரிங் குண்டுகளை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டு) இறுகியிருக்கிறது. கோனைக் கால் சுற்றுத் தளர்த்தி, லாக் நட்டை இறுக்கி மறுபடி சுற்றுங்கள். சரசரவென்று மணல் சத்தம் கேட்டால் கோன் காரணமில்லை. பிரித்து, பால்ரஸ் குண்டுகளை மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும்.

சும்மா இருக்கும்போது சுற்றுகிற சக்கரம், ஆள் உட்கார்ந்ததும் இறுகுகிறதா? ஆளை உட்கார வைத்து முன்னால் நின்று பாருங்கள். சக்கரங்களின் மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால் அச்சு நடுவில் தொய்ந்து வளைகிறது. கிரீஸ் அதற்கு மருந்தல்ல, தடித்த அச்சுதான் மருந்து.

அடுத்தது டயர் காற்று. டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் அளவுக்கு அடித்தால் போதும். பிறகு சக்கரங்கள் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று பாருங்கள். முன் சக்கரம் இரண்டின் ரிம்களுக்கும் நடுவே, அச்சு உயரத்தில், முன்புறம் ஒரு அளவு, பின்புறம் ஒரு அளவு எடுங்கள். இரண்டும் ஓரிரு மில்லிமீட்டருக்குமேல் வித்தியாசப்பட்டால் ஒரு சக்கரம் உருளவில்லை, தேய்ந்துகொண்டே வருகிறது. செருப்பை இழுத்து நடப்பவர் மாதிரி.

இத்தனையையும் ஒரே எண்ணாகப் பார்க்க ஒரு வழி உண்டு. ஊருக்குப் போகும்போது பெட்டி நிறுக்கிற கொக்கித் தராசை முன்னால் மாட்டி, ஆளோடு சேர்த்து வண்டியைச் சமதளத்தில் மெதுவாக இழுங்கள். எங்கள் வண்டியும் ஆளுமாகத் தொண்ணூறு கிலோ; முதல் நாள் நாலு கிலோ இழுவை காட்டியது. கோன், காற்று, இணை மூன்றும் சரியானபின் ஒன்றரைக்கு இறங்கியது. சரிவில் ஓட்டாமலே முன்னேற்றம் தெரிகிற ஒரே சோதனை இதுதான்.

"குண்டான ஆளை உட்கார வை மாப்ள, பறக்கும்" என்று ஒருவன் கட்டாயம் சொல்வான். கொஞ்சம் உண்மை இருக்கிறது. புவியீர்ப்பு எல்லோரையும் ஒரே மாதிரி இழுத்தாலும், காற்றின் தடை கனமான வண்டியைக் குறைவாகவே பாதிக்கும். ஆனால் கனத்தைச் சக்கரத்தில் ஏற்றாதீர்கள். ரிம்மில் உள்ள ஒரு கிலோ முன்னால் போகவும் வேண்டும், சுற்றவும் வேண்டும். வேகம் பிடிக்கும்போது அது இரண்டு கிலோவாகக் கணக்கு. 1973-ல் ஆக்ரனில் ஜெயித்த பையனின் வண்டி மூக்கில் மின்காந்தம் ஒளித்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டுப் பட்டம் பறிபோனது. தொடக்கக் கோட்டில் வண்டியைத் தாங்கி நின்ற இரும்புத் தகடு முன்னால் சாயும்போது, காந்தம் வண்டியைச் சேர்த்து இழுத்துவிடும். கோனைத் தளர்த்துவது அதைவிடச் சுலபம்.

ஒரு பக்கமாகவே இழுக்கிறது

இதில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது. 1935-ல் ஆக்ரனில் ஒரு வண்டி தடம் விலகிப் போய், ஓரத்தில் வர்ணனை செய்துகொண்டிருந்த வானொலி அறிவிப்பாளர்மேல் மோதியது. ஆகவே "கயிற்றை ஒரு பக்கம் கொஞ்சம் பிடித்துக்கொண்டால் சரியாகப் போகுதுடா" என்று சமாதானம் ஆகாதீர்கள்.

முதலில் சாலையைச் சந்தேகியுங்கள். மழைநீர் வடிய, தார்ச்சாலை நடுவில் மேடாகவும் ஓரங்களில் தாழ்வாகவும் போடப்பட்டிருக்கும். இடது ஓரத்தில் ஓட்டினால் எந்த வண்டியும் இடது பக்கம்தான் வழுக்கும். நடுவில் ஒருமுறை, வலது ஓரத்தில் ஒருமுறை விட்டுப் பாருங்கள். இழுப்பு பக்கம் மாறினால் வண்டியில் கோளாறு இல்லை.

எங்கே ஓட்டினாலும் ஒரே பக்கம் போனால், அளவு நாடாவை எடுங்கள். முன் அச்சை நேராக வைத்துக் கட்டிவிட்டு, இடது முன் சக்கர நடுவிலிருந்து இடது பின் சக்கர நடுவுக்கு ஒரு அளவு; வலதுக்கும் அதே. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது கொத்தனார் மூலைமட்டம் பார்க்கிற அதே வேலை. பக்க அளவுகள் சமமாக இல்லாவிட்டால், எந்தப் பக்கம் குறுகலோ அந்தப் பக்கம் வண்டி இழுக்கும். எங்கள் வண்டியில் இடது நாலடி பத்து அங்குலம். வலது அதைவிட முக்கால் அங்குலம் அதிகம். பின் அச்சுக்கு ஓட்டை போட்டவன் நான்தான் என்பதால் இதைப் பற்றி அதிகம் எழுதவில்லை. பழைய ஓட்டையில் மரக்குச்சி அடித்துப் பசை வைத்து மூடி, புதிதாகத் துளையிட்டோம். பழைய ஓட்டையை அகலப்படுத்திச் சமாளிக்கப் பார்த்தால், பத்து நிமிடத்தில் அச்சு பழைய இடத்துக்கே நகர்ந்துவிடும்.

அளவுகள் சரி, இழுப்பு மட்டும் நிற்கவில்லை என்றால் எந்தச் சக்கரம் குறைவாகச் சுற்றுகிறது என்று பாருங்கள். எந்தப் பக்கம் கனமாக ஓடுகிறதோ அந்தப் பக்கம்தான் வண்டி திரும்பும். பிரேக் கட்டை லேசாக உரசிக்கொண்டிருப்பதும் இதில் சேர்த்தி.

கடைசியாக, ஓட்டுபவர். எங்களில் ஒருவன் ஓட்டினால் மட்டும் வலப்பக்கம் போகும். கயிற்றோடு கூட அச்சுக் கட்டையில் காலையும் ஊன்றியிருந்தான். இடது கயிற்றை இழுத்தால் கட்டையின் இடது முனை பின்னால் வரும், வண்டி இடது பக்கம் திரும்பும். இடது காலால் உதைத்தால் அதே முனை முன்னால் போகும், வண்டி வலது பக்கம் திரும்பும். கையும் காலும் ஒரே பக்கம் இயங்கினால் ஒன்றையொன்று எதிர்க்கும். ஏதாவது ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். நாங்கள் கயிற்றை வைத்துக்கொண்டோம். கால் வைக்கத் தனியாக, அசையாத ஒரு குறுக்குக் கட்டை அடித்தோம்.

வேகம் பிடித்ததும் முன்பக்கம் உதறுகிறது

நடக்கிற வேகத்தில் ஒன்றும் தெரியாது. மணிக்கு இருபது கிலோமீட்டரைத் தாண்டியதும் முன் அச்சு இடமும் வலமுமாக அடித்துக்கொள்ளும், கயிறு கையைப் பிடுங்கும். ஓட்டத்தின் நடுவில் இது வந்தால் கயிற்றை வெட்டி இழுக்காதீர்கள், காலை வெளியே நீட்டாதீர்கள். நேராகப் பிடித்தபடி பிரேக்கை மெல்ல ஏற்றுங்கள்.

பெரும்பாலும் காரணம் ஆட்டம். ஒருவர் பலகையை அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். அது ஆடினால் கோன் தளர்ந்திருக்கிறது. (ஆமாம், மேலே தளர்த்தச் சொன்னதும் நான்தான். கால் சுற்று என்றால் கால் சுற்று.) பிறகு அச்சுக் கட்டையை முன்னும் பின்னுமாகத் தள்ளிப் பாருங்கள். நடுப் போல்ட்டிடம் டக் டக் என்று கேட்டால் ஓட்டை தேய்ந்து அகன்றிருக்கிறது. மரத்தில் நேராகப் போல்ட் போட்டால் இது நடந்தே தீரும். போல்ட்டுக்குக் கச்சிதமான ஜிஐ பைப் துண்டு ஒன்றை ஓட்டைக்குள் புஷ்ஷாக, அதாவது உறையாக, அடித்து இறக்குங்கள். போல்ட் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். மேலும் கீழும் அகலமான வாஷர், கடைசியில் இரட்டை நட்டு. கட்டைக்கும் பலகைக்கும் நடுவே பழைய டயர் ரப்பரை வட்டமாக வெட்டி வைத்தால் அந்தச் சிறு உராய்வே உதறலைப் பாதி விழுங்கிவிடும்.

கயிறு தொய்ந்திருந்தாலும் உதறும். நைலான் கயிறு இழுபட்டுக்கொண்டே போகும், காலையில் இறுக்கினால் மதியம் தளர்ந்திருக்கும். சைக்கிள் பிரேக் வயரும், இறுக்கித் தளர்த்த ஒரு டர்ன்பக்கிளும் போட்டபின் நாங்கள் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆட்டம் எதுவுமே இல்லை, ஆனாலும் முன்பக்கம் நேராக நிற்க மறுக்கிறது என்றால் அமைப்பில்தான் குறை. சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டியின் சின்னச் சக்கரத்தைக் கவனியுங்கள். அது திரும்புகிற முளைக்கு நேர் கீழே இருக்காது, கொஞ்சம் பின்தள்ளி இருக்கும். அதனால் வண்டி போகிற திசைக்கு அது தானாகவே வந்து நிற்கிறது. பலகை வண்டியில் போல்ட்டுக்கு நேர் கீழே அச்சைப் பூட்டிவிட்டால் இந்தக் குணம் இருக்காது. அச்சைப் போல்ட்டுக்கு ஒரு அங்குலம் பின்னால் தள்ளிப் பூட்டுங்கள், போதும். ஆனால் ஆட்டத்தை ஒழித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். ஆட்டம் இருக்கிற தள்ளுவண்டிச் சக்கரம் எப்படிப் படபடக்கும் என்று கடையில் பார்த்திருப்பீர்கள்.

திருப்பத்தில் உள்சக்கரம் தூக்குகிறது

சீட்டு உயரம், சக்கர அகலம், வேகம் இவை மூன்றுதான் இதற்குக் காரணம். கணக்கு எளிது. மூன்று மீட்டர் உயரம் இறங்கினால், உராய்வை விட்டுவிட்டுப் பார்த்தால், மணிக்கு 27, 28 கிலோமீட்டர் வரும். ஐந்து மீட்டருக்கு 35. பத்து மீட்டருக்கு 50. இடது வலது சக்கர இடைவெளி 60 செ.மீ., ஆளோடு சேர்ந்த எடையின் மையம் தரையிலிருந்து 50 செ.மீ. என்று வையுங்கள். அந்த வண்டி பத்து மீட்டர் ஆரமுள்ள வளைவில் கவிழ ஆரம்பிக்கும் வேகமும் அதே 27, 28 தான். அதாவது ஒரு மாடி உயரம் இறங்கிவிட்டுக் கொஞ்சம் சுருக்கமான வளைவில் திரும்பினாலே காரியம் முடிந்தது.

சீட்டை இறக்குங்கள். பலகைக்கு மேல் உட்காராமல், அச்சுகளுக்கு நடுவில் பலகைக்குக் கீழே தொங்குகிற தொட்டில் மாதிரி இருக்கை வைக்கலாம். இடைவெளியை 80 செ.மீ. ஆக்கி, மையத்தை 40-க்கு இறக்கினால் அதே வளைவில் 35 வரை தாங்கும். இன்னொன்று, முன் கட்டை முழுசாகத் திரும்பவே கூடாது. இருபது, இருபத்தைந்து டிகிரிக்கு மேல் போகாதபடி இருபுறமும் தடுப்புக்கட்டை அடியுங்கள். கட்டை முழுக்க மடங்கினால் முன்பக்கம் தாங்குவதற்கு அகலமே இருக்காது, அந்தக் கணமே குப்புறத்தான்.

சக்கரம் அப்பளம் ஆகிவிட்டது

28 அங்குலப் பெரிய சைக்கிள் சக்கரம் போட்டவர்களுக்கு இது வரும். 16 அங்குலத்துக்கு மாறும் முன் நாங்களும் அதைத்தான் போட்டிருந்தோம், முதல் வளைவிலேயே வந்தது. நெளிந்த ரிம்மைத் தூக்கிக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைச் சுற்றிவிட்டுப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன் தம்பி, சைக்கிள் திரும்பும்போது என்ன பண்ணும்?"

"சாயுங்கண்ணா."

"உங்க வண்டி சாயுமா? சாயாத வண்டிக்குப் போக்ஸ் கம்பி தாங்காது. பக்கவாட்டுல தள்ளுனா அது என்ன பண்ணும், பாவம்."

இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சைக்கிள் சாய்வதால் எடை சக்கரத்தின் தளத்திலேயே இறங்குகிறது. நம் வண்டியில் அது பக்கத்திலிருந்து வந்து தாக்குகிறது. சிறிய சக்கரம் போடுங்கள், 12 அல்லது 16 அங்குலம். அச்சையும் கவனியுங்கள். சைக்கிளில் ஃபோர்க்கின் இரு காலும் சேர்ந்துதான் அச்சைத் தாங்குகின்றன. அதே அச்சை ஒரு பக்கம் மட்டும் பூட்டி, மறுபக்கத்தை அந்தரத்தில் விட்டால் வளையும், சில நாளில் உடையும். சக்கரத்தின் வெளிப்பக்கமும் ஒரு இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் செய்துவிடுங்கள். பார்க்க அசிங்கமாக இருக்கும், இருந்துவிட்டுப் போகட்டும்.

பிரேக் பிடிக்கிறது, ஆனால் வண்டி நிற்கவில்லை

தேர் இழுப்பதைப் பார்த்தவர்களுக்கு முட்டுக்கட்டை தெரியும். அத்தனை பெரிய தேரை, ஓடும் சக்கரத்தின் அடியில் ஆப்பு மாதிரி கட்டையைச் செருகி நிறுத்துகிறார்கள், திருப்புகிறார்கள். தேர் நடக்கிற வேகத்தில் போவதால் அது நடக்கிறது. உங்கள் வண்டிக்கு முட்டுக்கட்டை புறப்படுவதற்கு முன் நிறுத்தி வைக்க மட்டுமே.

28 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற வண்டி, ஓரளவு நல்ல பிரேக் இருந்தால் சமதளத்தில் சுமார் 15 மீட்டரில் நிற்கும். பத்தடிக்கு ஓரடி இறங்குகிற சரிவில் அதே பிரேக்குக்கு 30 மீட்டர் வேண்டும். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. ஆகவே பிரேக்கைத் திட்டுவதற்கு முன், கீழே உங்களுக்கு எத்தனை மீட்டர் சமதளம் இருக்கிறது என்று காலடியால் அளந்து வாருங்கள்.

பிரேக்கிலேயே குறை என்றால்: கயிற்றால் இழுக்கிற பிரேக், கயிறு நீளும் அளவுக்குப் பயனற்றது, கம்பி அல்லது இரும்புத் தண்டு போடுங்கள். பிடித்ததும் வண்டி ஒரு பக்கம் வெட்டினால் இடமும் வலமும் ஒரே நேரத்தில் தொடவில்லை. முன் சக்கரத்தில் மட்டும் பிரேக் வைத்திருந்தால், அதுவும் ஒரு பக்கம், இன்றே கழற்றுங்கள். அது பிரேக் அல்ல, இன்னொரு ஸ்டீயரிங். நாங்கள் கடைசியில் பின் அச்சுக்கு முன்னால் ஒரு நெம்புகோல் வைத்து, லாரி டயர் துண்டை ஆணியடித்து நேராகத் தரையில் அழுந்தவிட்டோம். ஆணித்தலை ரப்பருக்குள் புதைந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் தீப்பொறி பறக்கும். எங்கள் பக்கத்தில் காலைப் பனியில் தார் ஈரமாகவே இருக்கும். ரிம் பிரேக் அந்த நேரத்தில் வழுக்கும், ரப்பர் கட்டையும் வறண்ட சாலையில் போலப் பிடிக்காது. வெயில் வந்து சாலை காயும்வரை டீ குடித்துக்கொண்டு காத்திருந்தோம்.

சோதனை: சாலையிலேயே செங்குத்தான இடத்தில் ஆளை உட்கார வைத்துப் பிரேக்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, தாங்கியிருக்கிறவர்கள் மெதுவாகக் கையை எடுங்கள். வண்டி ஒரு அங்குலம் நகர்ந்தாலும் அன்று ஓட்டம் இல்லை.

நடுப்பலகை முனகுகிறது

மரம் பேசினால் கேளுங்கள். எஸ்டேட்டில் சும்மா கிடைக்கிறதே என்று யூக்கலிப்டஸ் பலகையில் முதலில் கட்டினோம். காயக் காய முறுக்கிக்கொண்டது, போல்ட் ஓட்டையிலிருந்து நீளவாக்கில் பிளந்தது. பிறகு நன்கு காய்ந்த சில்வர் ஓக், ஒன்றரை அங்குலக் கனம், கணு இல்லாமல் பார்த்து வாங்கினோம். அடியில் இரண்டு ஓரத்திலும் செங்குத்தாக ஒரு ரீப்பர் (மெல்லிய மரச்சட்டம்) ஓட்டினால் தொய்வு நிற்கும். ஆணி வேண்டாம். அதிர்வில் ஆணி தானே எழுந்து வந்துவிடும், போல்ட்தான் நிற்கும்.

பேரிங் வண்டி: பேரிங்கின் உள்வளையமும் சேர்ந்து கட்டைமேல் சுற்றுகிறது

மரத்தை வட்டமாகச் செதுக்கிப் பேரிங்கைச் செருகுவோமே, அங்கே பிடி தளர்ந்திருக்கிறது. 6204 என்று எண் போட்ட பேரிங்கின் உள்ளோட்டை 20 மில்லிமீட்டர். கட்டையை அதைவிடத் துளி பெரிதாகச் செதுக்கி, உள்வளையத்தில் மட்டும் தட்டி ஏற்றுங்கள். வெளிவளையத்தில் அடித்தால் குண்டுகள் அழுந்தித் தழும்பாகும், அப்புறம் ஆயுளுக்கும் கடகடதான். வெளிப்பக்கம் ஒரு கடையாணி. மற்றபடி இரும்பு நேராகத் தாரில் உருள்வதால் பிடிமானம் மிகக் குறைவு, பல்லும் ஆடும். சின்ன மேட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

நட்டு கழன்றுகொண்டே இருக்கிறது

இரட்டை நட்டு, அல்லது அச்சில் துளையிட்டுக் காட்டர் பின் (செருகி, இரு காலையும் மடக்கிவிடுகிற கம்பி). இரண்டில் ஒன்றைப் போட்டபின் எங்கள் வெல்டிங் நண்பன் தங்கையின் சிவப்பு நெயில் பாலிஷைக் கொண்டுவந்து, ஒவ்வொரு நட்டிலிருந்தும் பக்கத்து வாஷருக்கு ஒரு கோடு இழுத்தான். சிரித்தோம். மூன்றாவது ஓட்டம் முடிந்து குனிந்து பார்த்தபோது, பின் இடது சக்கரத்தில் கோடு அரை விரல் விலகியிருந்தது. நாலாவது முறை யார் ஓட்டுவது என்று அதுவரை சண்டை போட்டுக்கொண்டிருந்தவர்கள் பேசாமல் ஸ்பேனரைத் தேட ஆரம்பித்தோம்.